கத்திரிக்காயை யாரிடம் கேட்டார்கள்?

2001-இல் அமெரிக்காவில், ரூபிடியம் ஆவிக்குள் ஒளியைக் கணநேரம் பிடித்துவைத்துக் காட்டினார்கள். அது புரியாவிட்டால் திண்டுக்கல்லில் யாருக்கும் நஷ்டமில்லை. ஒளியை யாரும் சாம்பாரில் போடுவதில்லை. கத்திரிக்காய் அப்படியா?

2009 அக்டோபரில் பி.டி. கத்திரிக்காய்க்கு மத்திய அரசின் ஒப்புதல் குழு பச்சைக்கொடி காட்டியது. எதிர்ப்பு கிளம்பவே, அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் ஊர் ஊராகக் கருத்துக் கேட்டார். கொல்கத்தா, புவனேஸ்வர், அகமதாபாத், நாக்பூர், சண்டிகர், ஹைதராபாத், பெங்களூர். தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட இல்லை! இத்தனைக்கும் அந்த ஆராய்ச்சியில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பங்காளி. 2010 பிப்ரவரி 9-இல் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. வங்கதேசமோ 2013-இல் அனுமதித்துவிட்டது.

"விஷக்காய்" என்கிறது ஒரு கூட்டம். "பாமரப் பயம்" என்கிறது இன்னொன்று. இரண்டுமே சோம்பேறித்தனம். பி.டி. என்பது மண்ணில் வாழும் பாக்டீரியா. அதன் புரதம் காய்த்துளைப்பான் புழுவின் காரம் மிகுந்த குடலில் கரைந்து ஓட்டை போடுகிறது. மனித வயிற்று அமிலத்தில் அது செரித்துவிடும் என்பது ஆய்வாளர்கள் வாதம். ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் ஐந்தே நிமிடத்தில் இதை விளக்கிவிடலாம். உடனே, "விதை விக்கிறவனே சோதனை பண்ணினா எப்படிங்க நம்புறது?" என்று கேட்பார் விவசாயி. சுயேச்சையான சோதனை போதாது என்று அமைச்சரும் காரணம் சொன்னாரே!

அதற்குப் பதில் சொல்லாமல் "மக்களுக்கு அறிவியல் புரியாது" என்பது, தன் காதைப் பொத்திக்கொண்டு எதிரில் நிற்பவனை ஊமை என்பது போல.