தாதியர் நலமும் கடமைப் பட்டியலும்

காலையில் நடத்தல் வேண்டும், கீரை உண்ணல் வேண்டும், நன்கு உறங்கல் வேண்டும் எனத் தாதியர்க்கு அறிவுரை பகர்வோர் நம்மிடையே பலர். அறிவுரை பிழையன்று. அதனைக் கைக்கொள்வதற்குரிய நேரம் தாதியர் கையில் இல்லை என்பதே குறை.

மாங்குளத்துக்கு மேற்கே, வவுனிக்குளத்து நீர் பாயும் வயல்களை அண்டிய மல்லாவியை நோக்குக. 1996இல் கிளிநொச்சி இராணுவத்தின் வசமானபோது இடம்பெயர்ந்தோரைத் தாங்கிய ஊர் இது. 2008இல் இவ்வூரே இடம்பெயர்ந்தது. அந்நாள்களில் வன்னித் தாதியர் ஊணுறக்கம் பாராது உழைத்தமை போற்றற்குரியது. ஆயின் 2009இல் போர் முடிந்த பின்னரும் அவ்வீகத்தையே அன்றாட நடைமுறையாக எதிர்பார்ப்பது எந்நியாயம்?

இரவுக் கடமை முடித்த தாதி வன்னி வெயிலிற் பகலுறக்கம் கொள்ளல் எளிதோ? யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ குடும்பத்தை விட்டு வந்தவளாயின், அவளது ஓய்வுநாளிற் பாதியைப் பேருந்தே விழுங்கிவிடும். பின்னர் எங்கே நடைப்பயிற்சி?

இது வெறும் சோர்வு பற்றிய முறைப்பாடன்று. அமெரிக்கத் தாதியரை 1976 முதல் ஆராய்ந்துவரும் பேராய்வு, ஆண்டுக்கணக்காகச் சுழற்சிமுறை இரவுக்கடமை புரிந்தோரிடம் இதயநோய் மிகுந்திருத்தலைக் காட்டியது. புற்றுநோய் ஆய்வுக்கான பன்னாட்டு முகவரகம் இரவுப்பணியைப் புற்றுநோய்க்கு ஏதுவாகக்கூடியது என 2007இல் வகுத்து, 2019இல் மீளவும் உறுதிசெய்தது. கீரை இதனை ஈடுசெய்யுமோ?

மேலதிக நேரக் கடமையைத் தாதியரே விரும்பி ஏற்கின்றனர் என்பர் சிலர். அக்கொடுப்பனவின்றி மாதம் ஓடாதென்னும்போது அது விருப்பமாகுமோ? 2025இல் வரவுசெலவுத் திட்டத்தின் கொடுப்பனவு மாற்றங்களை எதிர்த்து இலங்கைத் தாதியர் வீதிக்கு வந்தமையே இதற்குத் தக்க விடை.

தொண்டு என்றவுடன் விளக்கேந்திய நைற்றிங்கேலை இழுத்துவருவது நம்மவர் வழக்கம். கிரிமியாவிலிருந்து மீண்ட அவ்வம்மையார் 1857 முதல் நெடுங்காலம் நோய்ப்படுக்கையிற் கிடந்தார் என்பதை மட்டும் எவரும் கூறார். மரணங்களை எண்ணிக் கணக்கிட்டு, நிர்வாகத்தைக் கேள்விகேட்டவர் அவர். நோயுற்ற படையினரை ஒழுங்காக வாழுமாறு உபதேசித்து அமைந்துவிடவில்லை.

இரு கடமைகளுக்கிடையே குறைந்தது 12 மணிநேர ஓய்வு வேண்டுமெனப் பன்னாட்டுத் தொழில் அமைப்பு 1977இலேயே விதந்துரைத்தது. அடுத்த உடல்நலக் கருத்தரங்குக்குத் தாதியரை அழைக்குமுன், கடமைப் பட்டியல் வரைவோரும் ஆளணியைத் தீர்மானிப்போரும் அவ்விதப்புரையை வாசிப்பாராக. இரவில் ஒருபிடி சுடுசோறும், பகலில் உறங்க இருண்டதோர் அறையும் அதன்பின் கேட்கப்படும்.