“வளர வளரச் சரியாகும்” என்ற பேச்சை இனி விடுவோம்



பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருக்கிறவர்கள் கடைசி வரை வாசியுங்கள். கோபத்தோடுதான் எழுதுகிறோம். அந்தக் கோபத்தில் பாதி, படிப்பிக்கிற எங்கள் மேலேயே.

எங்களிடம் தரம் 4 இல் ஒரு பையன் படிக்கிறான். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்த அன்று அவனும் வரிசையில் நின்றான். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு சுவரில் இருந்த எழுத்தை வாசிக்கச் சொன்னார்கள். “சேர், கைய எடுக்கட்டா? ஒண்டும் தெரியுதில்ல” என்றான். கையை எடுத்ததும் கடைசி வரி வரைக்கும் வாசித்தான். ஒன்பது வயது. தன் இடது கண் சரியாகத் தெரிவதில்லை என்பது அவனுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

உம்மாவைக் கூப்பிட்டோம். அவர் ஆச்சரியப்படவில்லை. “டீச்சர், நாலு வயசிலயே நான் சொன்னன். பின்னேரமாகி களைச்சிட்டா அந்தக் கண் உள்ளுக்குப் போகும். ஒருத்தரும் காதுல எடுக்கல்ல” என்றார்.

யார் அந்த ஒருத்தரும்? மாமி சொன்னார், வாக்குக் கண் அதிர்ஷ்டமாம். பக்கத்து வீடு சொன்னது, கண்ணூறாம், தண்ணி ஓதிக் குடுக்கட்டாம். வாப்பா சொன்னார், இந்த சீசன் முடியட்டும் பார்ப்போம் என்று. எல்லோருமாகச் சேர்ந்து சொன்னது, வளர வளரச் சரியாகும்.

நாங்கள் என்ன சொன்னோம் தெரியுமா? தலையைச் சரித்து வைத்துக்கொண்டு எழுதுகிறான் என்று இரண்டு வருடம் ஏசினோம். “தலைய நேரா வை” என்றோம். விளையாட்டு நேரம் பந்து பிடிக்கத் தவறினால் சிரித்தோம். ஒரு கண்ணால் பார்க்கிற பிள்ளைக்குப் பந்து எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று மட்டுக்கட்டுவது கஷ்டம் என்ற அறிவு ஆசிரியர் கலாசாலையில் படித்துவிட்டு வந்த எங்களுக்கு இருக்கவில்லை. தேர்ச்சி அறிக்கையில் “கவனம் போதாது” என்று எழுதினோம். கவனம் போதாமல் இருந்தது எங்களுக்கு.

அந்தப் பிள்ளைக்கு வந்திருப்பதைத் தமிழில் சோம்பல் கண் என்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பிள்ளை சோம்பேறி இல்லை. ஒரு கண் சரிந்திருந்தால், அல்லது ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகம் வித்தியாசப்பட்டால், இரண்டு கண்ணும் இரண்டு விதமான படத்தை மூளைக்கு அனுப்பும். சின்ன வயதில் மூளை என்ன செய்யும்? தெளிவான படத்தை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடும். தள்ளத் தள்ள அந்தக் கண்ணால் பார்க்க மூளை பழகாமலே போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகத்தான் இருக்கும். நல்ல கண்ணால் எல்லாம் தெரிவதால் பிள்ளையும் முறைப்பட மாட்டான். ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்தால் மட்டுமே பிடிபடும்.

இதற்குக் கண்ணாடி உண்டு. நல்ல கண்ணைச் சில மணிநேரம் மூடி, பலவீனமான கண்ணை வேலை வாங்கும் வைத்தியம் உண்டு. ஆனால் இதற்கு ஒரு காலம் இருக்கிறது. ஏழு வயதுக்கு முன் தொடங்கினால் பலன் அதிகம். பிந்தப் பிந்தக் குறையும். அதற்காக ஏழு தாண்டியவர்கள் கைவிடவும் கூடாது. 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு வைத்தியத்தால் பார்வை முன்னேறியதை 2005 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. எங்கள் பையனுக்கும் இப்போது வைத்தியம் நடக்கிறது. கொஞ்சம் முன்னேற்றம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் கண் கிளினிக்கில் வைத்தியர் “நாலு வயசில ஏன் கொண்டு வரல்ல?” என்று கேட்டபோது அந்த உம்மா நிலத்தைப் பார்த்தார். அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை. இந்த ஊரிலேயே அந்தக் கண்ணைச் சரியாகப் பார்த்தவர் அவர் ஒருவர்தான். குற்றவாளி போல நின்றதும் அவர்தான்.

இனி, அந்த உம்மாவின் வாயை அடைத்த பேச்சுகளை ஒவ்வொன்றாக எடுப்போம்.

“வளர வளரச் சரியாகும்.” பிறந்து முதல் மூன்று நான்கு மாதம் குழந்தையின் கண் அங்குமிங்கும் ஓடுவது வழமை. அதற்குப் பிறகும் ஒரு கண் உள்ளுக்கோ வெளியிலோ போனால் காட்ட வேண்டும். சில குழந்தைகளுக்கு மூக்குத் தண்டு அகலமாக இருப்பதால் வாக்குக் கண் போலத் தெரியும், உண்மையில் இருக்காது. ஆனால் அதை முடிவெடுக்க வேண்டியது வைத்தியர். மாமியோ, பக்கத்து வீடோ, நாங்களோ இல்லை. போய்க் காட்டி “ஒன்றுமில்லை” என்று திரும்பி வந்தால் அது பஸ் காசு வீணான நாள் இல்லை. ஷுக்ர் செய்ய வேண்டிய நாள்.

“கண்ணூறு, ஓதிப் பாருங்க.” கண்ணேறு உண்மை என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஓதுங்கள், துஆ கேளுங்கள். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன நபியின் உம்மத் நாம். வைத்தியம் செய்யச் சொல்லித் தந்த மார்க்கம் இது. ஒளி கண்ணுக்குள் வருவதால்தான் பார்க்கிறோம் என்று ஆயிரம் வருடத்துக்கு முன்பே விளக்கி எழுதிய இப்னுல் ஹைஸம் பஸராவில் பிறந்தவர். மேடைகளில் அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். வீட்டில் பிள்ளையின் கண்ணில் தாய்ப்பாலும் நந்தியாவட்டைச் சாறும் விடுகிறோம். அவை கிருமியைக் கொண்டுபோகலாம், வாக்குக் கண்ணை நேராக்காது.

“கண்ணாடி போட்டா பொம்பளப் புள்ளைக்கு மாப்பிள்ளை வராது.” ஆறு வயதுப் பிள்ளையின் கண்ணை விட இருபது வயதில் வரப்போகிற யாரோ ஒருவரின் விருப்பம் பெரிதா? கண்ணாடி போட்டால் கண் இன்னும் பழுதாகும் என்பதும் பொய். கண்ணாடி கண்ணைக் கெடுக்காது. தேவைப்பட்ட வயதில் போடாமல் விட்டால்தான் கெடும்.

“எல்லாம் இந்தப் போனால வந்தது.” இது புதுப் பேச்சு. போனைப் பறித்து அலுமாரியில் வைத்துவிட்டு, வைத்தியம் முடிந்தது என்று இருக்கிறார்கள். போனைக் குறைப்பது நல்லதுதான். ஆனால் பிறந்ததிலிருந்து இருக்கிற வாக்குக் கண்ணையோ பவர் வித்தியாசத்தையோ போன் உண்டாக்கவும் இல்லை, பறித்தால் அது போகவும் போகாது. கிட்டப்பார்வை வேறு விடயம். சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் மேலதிகமாக 40 நிமிடம் வெளியில் விட்டார்கள். மூன்று வருடத்தில் அவர்களில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் மற்றப் பிள்ளைகளை விடக் குறைவு. நாங்களோ புலமைப்பரிசில் என்று சொல்லி விளையாட்டுப் பாடத்தையும் பறித்து வினாத்தாள் கொடுக்கிறோம். போனைக் குற்றம் சொல்லும் முன் அதையும் யோசிப்போம்.

இன்னொன்று. நல்ல கண்ணுக்கு ஒட்டிக்கொண்டு வந்த நாளில் அந்தப் பையனைச் சில பிள்ளைகள் “தஜ்ஜால்” என்று கூப்பிட்டார்கள். அந்தச் சொல்லைப் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? பெரியவர்களின் வாயில்தான். அன்றைக்கே பிய்த்து எறிந்துவிட்டான். ஒரு பிள்ளையின் வைத்தியத்தை நிறுத்த ஒரு சொல் போதும். உங்கள் வீட்டில் இன்றிரவே இதைப் பேசுங்கள்.

வன்னியில் இருக்கும் எங்களுக்கென்று வேறு கஷ்டங்களும் உண்டு. அதை மறைக்கத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டோம். 2009 க்குப் பிறகு மெல்ல மெல்லத் திரும்பினோம். நீராவிப்பிட்டியிலும் நாச்சிக்குடாவிலும் சாளம்பைக்குளத்திலும் இன்றும் பல வீடுகளுக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் புத்தளத்தில். பிள்ளையின் கிளினிக் புத்தகம் ஓரிடம், பாடசாலைப் பதிவு இன்னோரிடம். பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 இல் நடக்கும். 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளில் எல்லாத் தரத்துக்கும் நடக்க வேண்டும். இங்கே தரம் 1 பார்க்கும்போது பிள்ளை புத்தளத்தில். அங்கே பார்க்கும்போது பிள்ளை இங்கே. எங்கள் பையனுக்கு நடந்தது இதுதான். தரம் 2 இல் வந்து சேர்ந்தான். அவன் கண் பார்க்கப்பட்டதா என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

தூரமும் இருக்கிறது. முள்ளியவளைப் பக்கமிருந்து மாங்குளம் வந்து ஏ9 பிடித்து வவுனியா போகவோ, யாழ்ப்பாணம் போகவோ ஒரு நாள் கூலி போகும். கடலுக்குப் போகிறவருக்கும் கூலி வேலைக்காரருக்கும் அது சின்னக் கணக்கு இல்லை. எங்கள் தமிழ்ச் சகோதரர்களின் வீடுகளிலும் இதே கதைதான். அதனால்தான் பெற்றோரை மட்டும் ஏசி இந்தப் பதிவை முடிக்க எங்களுக்கு உரிமை இல்லை.

முதியவர்களுக்குக் கண்புரை முகாம் வைக்கிறோம். நல்ல காரியம், அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. ஆனால் எழுபது வயதில் வருகிற கண்புரையை எழுபத்தொன்றிலும் வெட்டலாம். ஐந்து வயதுப் பிள்ளையின் சோம்பல் கண்ணைப் பதினைந்தில் சரிசெய்ய முடியும் என்று யாரும் வாக்குத் தர மாட்டார்கள். அவசரம் யாருக்கு?

அதனால் கேட்கிறோம்.

பள்ளி நிர்வாகங்களிடம்: புலமைப்பரிசில் சித்தியடைந்த பிள்ளைக்கு பெனர் அடிக்கிறீர்கள், கேடயம் கொடுக்கிறீர்கள். அந்தக் காசில் ஒரு பங்கு, கண் கிளினிக் போகிற பிள்ளையின் பயணத்துக்கும் கண்ணாடிக்கும் ஒதுங்கட்டும். சீனாவின் கிராமப் பாடசாலைகளில் இலவசமாகக் கண்ணாடி கொடுத்த இடத்தில் கணிதப் புள்ளி உயர்ந்ததை 2014 இல் வந்த ஆய்வு காட்டியது. பெனரால் யாருடைய புள்ளியும் உயரவில்லை. வருடத்துக்கு ஒரு ஜும்ஆவில் பிள்ளைகளின் கண்ணைப் பற்றியும் பேசுங்கள்.

எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம்: பார்வை பார்க்கும் அட்டையை ஸ்னெல்லன் என்ற டச்சு வைத்தியர் 1862 இல் செய்தார். வெளிச்சமான சுவரும் 6 மீற்றர் இடமும் இருந்தால் போதும். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குக் கை காட்டிச் சொல்லும் அட்டையும் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுப் பழகுவோம். தவணையின் முதல் வாரத்தில் புதிதாக வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு கண்ணாகப் பார்ப்போம். “கவனம் போதாது” என்று எழுதும் முன் கண்ணைப் பார்ப்போம்.

அதிகாரிகளிடம்: இடம் மாறி வரும் பிள்ளையின் மருத்துவப் பரிசோதனைப் பதிவு விடுகைப் பத்திரத்தோடு சேர்ந்து வரட்டும். தரம் 1 இல் விடுபட்டவனைத் தரம் 4 வரை காத்திருக்க விடாதீர்கள்.

உம்மாமாரிடம்: நீங்கள் எதையோ கண்டால், கண்டதுதான். ரீவிக்குக் கிட்டப் போய் நிற்பது, தலையைச் சரிப்பது, கண்ணைச் சுருக்குவது, வெயிலில் ஒரு கண்ணை மூடுவது, ஒரு கண்ணைப் பொத்தினால் மட்டும் அழுவது. இதில் ஒன்று இருந்தாலும் காட்டுங்கள். கறுப்பாக இருக்க வேண்டிய கண்மணி வெள்ளையாகத் தெரிந்தால், அல்லது பிளாஷ் போட்டு எடுத்த படங்களில் ஒரு கண் மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாக மின்னினால், ஒரு கிழமையும் பார்த்திருக்க வேண்டாம், உடனே போங்கள். அது குழந்தைக் கண்புரையாக இருக்கலாம், கண்ணுக்குள் வரும் புற்றுநோயாகவும் இருக்கலாம். அங்கே பார்வை மட்டுமல்ல, உயிரும் தங்கியிருக்கிறது.

வாப்பாமாரிடம் ஒரு வரிதான்: மனைவி இரண்டாம் தடவை சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

யாரையும் நோகடிக்க எழுதவில்லை. பெயர் சொல்லாமல் எழுதியதால் யாரென்று தேடவும் வேண்டாம். அந்த உம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினோம். “எழுதுங்க டீச்சர், இன்னொரு புள்ளையாவது நேரத்துக்குப் போகட்டும்” என்றார்.

இன்று மஃரிபுக்கு முன் உங்கள் பிள்ளையை வாசலில் நிறுத்தி, உள்ளங்கையால் அழுத்தாமல் ஒரு கண்ணைப் பொத்தி, எதிர்ச் சுவரில் இருக்கும் கலண்டரை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். இது வைத்தியப் பரிசோதனை இல்லை, இரண்டு நிமிட வேலை. வித்தியாசம் தெரிந்தால் கிளினிக் போங்கள். வித்தியாசம் தெரியாவிட்டாலும் மனதில் சந்தேகம் இருந்தால் போங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கண்களைப் பாதுகாப்பானாக.