விரல் யாருடையது? விழுக்காடு யாருடையது?

இயந்திரத்துக்கு ஈவு இரக்கம் தெரியாது. ஒரு நொடி அயர்ந்தால் விரலைக் கேட்கிறது. இரவு ஷிப்டின் களைப்பில் கண் சொருகினால் கையையே கேட்கிறது. கேட்டதைக் கொடுத்துவிட்டு வந்து நிற்கிறான் தொழிலாளி. அவன் அம்பத்தூரில் பிரஸ் ஓட்டியவனாக இருக்கலாம். கோவையில் லேத் பிடித்தவனாக இருக்கலாம். ஓசூரில் அச்சு வார்த்தவனாக இருக்கலாம். கட்டுப் பிரித்தாயிற்று, காயம் ஆறியாயிற்று. இனி அவன் போகவேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் மருத்துவ வாரியம்.

மேசைக்கு அந்தப் பக்கம் மருத்துவர்கள். இந்தப் பக்கம் இவன். "கையை நீட்டு" என்கிறார்கள், நீட்டுகிறான். "மடக்கு" என்கிறார்கள், மடங்குகிற மட்டும் மடக்குகிறான். "சட்டைப் பொத்தான் போட முடிகிறதா?" என்று கேட்கிறார்கள். அவன் சொல்கிற பதில் என்ன தெரியுமா?

"சமாளிச்சுக்கிறேங்க ஐயா!"

அன்று காலை பொத்தானைப் போட்டுவிட்டது மனைவி. அதை அவன் சொல்லவில்லை. பேருந்துக் கம்பியைப் பிடிக்க முடியாமல் இரண்டு முறை விழப்போனான். அதையும் சொல்லவில்லை. மானம் தடுக்கிறது! பிறர் முன் தன்னால் முடியாது என்று சொல்லிப் பழகாத உழைப்பாளியின் மானம்! மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் எழுதிவிடுகிறார்: கட்டைவிரல் இயக்கம் குறைவு, பத்து விழுக்காடு.

பத்து விழுக்காடு என்பது காகிதத்தில் ஓர் எண். வீட்டில் அது என்ன? கணக்குப் போட்டுக் காட்டுகிறோம். ஒரு நாள் கூலி 500 ரூபாய் வாங்கியவன் என்று வைத்துக்கொள்வோம். ஈ.எஸ்.ஐ. கணக்கில் முழு இயலாமைக்கு உரிய தொகை கூலியில் 90 விழுக்காடு, அதாவது நாளொன்றுக்கு 450 ரூபாய். இழப்பு பத்து விழுக்காடு என்றால் கிடைப்பது 45 ரூபாய். முப்பது விழுக்காடு என்றால் 135 ரூபாய். வேறுபாடு நாளுக்கு 90 ரூபாய். ஆண்டுக்கு 32,850 ரூபாய்! அதுவும் ஓராண்டுக்கா? உயிர் உள்ளவரைக்கும்! ஒரு சொல்லை விழுங்கியதற்கு வாழ்நாள் முழுவதும் வட்டி கட்டுகிறான்.

முப்பது என்று ஏன் சொன்னோம்? நம் மனம்போன போக்கில் சொல்லவில்லை. 1923-ஆம் ஆண்டின் ஈட்டுத்தொகைச் சட்டத்திலும் 1948-ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. சட்டத்திலும் ஓர் அட்டவணை இருந்தது. கட்டைவிரல் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, நடுவிரலுக்கு 12, மோதிர விரலுக்கோ சுண்டு விரலுக்கோ 7 என்று விரலுக்கு விரல் விலை குறித்த அட்டவணை அது. அந்த அட்டவணையின் அடியில் ஒரு குறிப்பும் உண்டு. ஓர் உறுப்பின் பயன் முற்றிலுமாக, நிலையாகப் போய்விட்டால், அந்த உறுப்பே போனதற்கு அது சமம் என்கிறது அந்தக் குறிப்பு. விரல் கையோடு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பதல்ல கேள்வி. விரல் விரலாக இருக்கிறதா என்பதே கேள்வி! ஒட்டியிருந்தும் செத்துப்போன கட்டைவிரலுக்கு "இயக்கம் குறைவு" என்று எழுதினால், அது குறைவு அல்ல, பறிப்பு!

அந்த இரு சட்டங்களும் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. 2025 நவம்பர் 21 முதல் தொகுப்பு நடைமுறைக்கு வந்தது. அட்டவணை முறை தொடர்கிறது. சட்டத்தின் அட்டை மாறியிருக்கிறது. தொழிலாளியின் கை மாறவில்லை.

"மருத்துவர் எழுதிவிட்டார், இனி என்ன செய்வது?" என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு ஒரு தச்சரின் கதையைச் சொல்கிறோம்.

1968-ஆம் ஆண்டு ஒடிசாவில் ஒரு திரையரங்கில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தார் அவர். தவறி விழுந்தார். இடது கையைத் துண்டிக்க நேர்ந்தது. முதலாளி தரப்பு என்ன வாதாடியது? ஒரு கைதானே போயிற்று, இது பகுதி இயலாமைதானே, அட்டவணைப்படி குறைத்துக் கொடுத்தால் போதாதா என்று வாதாடியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1975 டிசம்பரில் நான்கு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே அவருக்கு அது முழு இயலாமையே என்றது! மரத்தைப் பிடிக்க ஒரு கை, உளியைப் பிடிக்க ஒரு கை. இந்த உண்மை பட்டறையில் நிற்கும் சிறுவனுக்கும் தெரியும். ஆனால் அதை நாட்டின் உச்ச நீதிமன்றம் சொல்ல ஏழு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. போராடியதால்தான் சொல்லிற்று என்பதை மறக்கலாகாது.

2010-ஆம் ஆண்டில் ஒரு சாலை விபத்து வழக்கில் அதே நீதிமன்றம் இன்னும் விளக்கமாகச் சொன்னது. உறுப்பின் ஊனம் வேறு, உடல் முழுமைக்குமான ஊனம் வேறு, வருவாய் ஈட்டும் திறனின் இழப்பு வேறு. மூன்றையும் ஒன்றாகக் குழப்பாதீர் என்றது. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவர் பிழைப்பே போயிற்று. எழுத்தராக இருந்தால் வேலை நிலைக்கலாம். கை ஒன்றே, இழப்பு ஒன்றல்ல! உடலின் நிலையைச் சொல்வது மருத்துவரின் வேலை. பிழைப்பின் நிலையை எடைபோடுவது தீர்ப்பு சொல்வோரின் வேலை என்று பிரித்துக் காட்டிற்று அந்தத் தீர்ப்பு.

ஆக, தொழிலாளி நிறுவ வேண்டியவை இரண்டு. என் கை இப்படி இருக்கிறது என்பது ஒன்று. என் வேலைக்கு இந்தக் கை இன்னின்னவற்றைச் செய்தாக வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை எக்ஸ்ரே சொல்லும். இரண்டாவதை யார் சொல்வது? மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் பிரஸ் ஓட்டியவர் அல்லர். வார்ப்படச் சட்டியைத் தூக்கியவர் அல்லர். சொல்ல வேண்டியவர்கள் நாம்தான்! சான்றோடு சொல்ல வேண்டும்.

என்ன சான்று? எங்கே கிடைக்கும்? வரிசையாகச் சொல்கிறோம்.

விபத்து நடந்த அன்றே தொழிற்சாலையின் விபத்துப் பதிவேட்டில் அது ஏறிற்றா என்று பார்க்க வேண்டும். "வீட்டில் கதவு இடுக்கில் நசுங்கியது" என்று எழுதச் சொல்லி மேஸ்திரி கெஞ்சுவார், மிரட்டுவார். அந்த ஒரு வரியில் உரிமை முழுவதும் மண்ணாகும். மருத்துவமனையில் முதன்முதலாகக் கேட்கும்போதே எந்த இயந்திரம், எந்த நேரம், என்ன வேலை என்று சொல்லி எழுதவைக்க வேண்டும். ஓ.பி. சீட்டிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரி வரை, எக்ஸ்ரேயிலிருந்து மருந்து பில் வரை ஒரு காகிதமும் தொலையலாகாது. கூலிச் சீட்டு வேண்டும். உடன் வேலை செய்தவர்களின் வாக்குமூலம் வேண்டும். என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியவில்லை என்று அவர்கள் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வேண்டும். இன்று குடத்தைத் தூக்க முடியவில்லை, இன்று வலியால் இரவு உறங்கவில்லை, இன்று ஸ்பேனர் கை நழுவிற்று என்று நாள்தோறும் தேதியிட்டு எழுத வேண்டும். எழுதத் தெரியாதவருக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதித் தரட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, சிகிச்சை தந்த மருத்துவரின் சொல் வேண்டும். நாம் மேலே சொன்ன 2010-ஆம் ஆண்டுத் தீர்ப்பு எச்சரித்த செய்தி இது. சிகிச்சையே தராத ஒருவர் எழுதித் தரும் ஆயத்தச் சான்றிதழை நீதிமன்றம் ஐயத்தோடுதான் பார்க்கும். சான்றிதழை நீட்டினால் மட்டும் போதாது. அதை எழுதிய மருத்துவர் வந்து குறுக்கு விசாரணைக்கும் நிற்க வேண்டும். ஆகவே இடைத்தரகனிடம் பணம் கொடுத்துப் பெரிய விழுக்காடு வாங்கலாம் என்று யாரேனும் ஆசை காட்டினால், அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்! பொய்ச் சான்று ஒன்று மெய்யான நூறு பேரின் வழியில் முள்ளைப் போடும். உள்ளதைக் கூட்டவும் வேண்டாம். மானத்துக்கு அஞ்சிக் குறைக்கவும் வேண்டாம்.

விழுக்காடு குறைந்தால் மேல்முறையீடு உண்டு. 1948-ஆம் ஆண்டுச் சட்டமே வாரியத்தின் முடிவுக்கு எதிராக மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் தொழிலாளர் ஈட்டுறுதி நீதிமன்றத்தையும் காட்டியது. பிற்பாடு நிலை மோசமானால் மறு ஆய்வுக்கும் இடம் வைத்தது. முடிவு கைக்கு வந்த அன்றே இரண்டு கேள்வி கேட்க வேண்டும்: எங்கே முறையிடுவது? எத்தனை நாளுக்குள்? பதிலை அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். வாரியத்தின் அறிக்கை நகலைத் தர மறுத்தால், 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது; எழுதிக் கேட்டால் 30 நாளுக்குள் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவர்கள்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தரும் சான்றிதழில் இருக்கும் விழுக்காடு வேறு. அங்கே 40 விழுக்காடு என்பது பல சலுகைகளுக்கு வாசற்படி. 39 என்று எழுதிவிட்டால் வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியதுதான். அந்த முடிவையும் எதிர்க்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 2017-ஆம் ஆண்டு விதிகள் அதற்கு 90 நாள் தந்தன. ஒன்றில் வந்த எண்ணைக் காட்டி மற்றொன்றில் வாயடைக்க முயன்றால், இரண்டும் ஒன்றல்ல என்று துணிந்து சொல்லுங்கள்.

இது நம் நாட்டு நோய் மட்டும் என்று எண்ண வேண்டாம். பிரிட்டனில் 2013 முதல் ஊனமுற்றோர் உதவித்தொகைக்கு ஒரு மதிப்பீட்டு முறை நடக்கிறது. தனியார் நிறுவனங்களின் ஆட்கள் பார்த்துப் புள்ளி போடுகிறார்கள். அந்தப் புள்ளி தவறு என்று தீர்ப்பாய விசாரணை வரை சென்றவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் வென்றிருக்கிறார்கள். அந்த வளமான நாட்டிலேயே அளவுகோல் இப்படித் தவறுகிறது என்றால், இங்கே நீள் வரிசையில் நின்று சில நிமிடம் காட்டிவிட்டு வரும் கைக்கு எழுதிய எண் தவறாதா? அங்கும் வென்றவர்கள், விடாமல் சென்றவர்களே.

மருத்துவர்களை நாம் பகைக்கவில்லை. பெரும்பாலோர் நேர்மையாளர், வேலைச் சுமையால் வளைந்தவர். ஆனால் நேர்மையானவரும் தம் கண்ணுக்குக் காட்டியதைத்தான் எழுத முடியும். காட்டாதது நம் குற்றம். காட்டியும் எழுதாதது அவர் குற்றம். காட்டவும் நேரம் கொடாமல் விரட்டுவது ஆட்சியின் குற்றம்! வாரியம் முன் வரும் ஒவ்வொருவருக்கும் போதிய நேரமும், உடன் ஒருவரை அழைத்துவரும் உரிமையும், கேளாமலே அறிக்கை நகலும் வேண்டும் என்று கேட்கிறோம். பிச்சையாகக் கேட்கவில்லை. மாதந்தோறும் கூலியில் பிடித்த பணத்தின் பேரால் கேட்கிறோம்.

கிளைத் தோழர்களே! கொடிக்கம்பம் நடுகிறீர்கள், மகிழ்ச்சி. படிப்பகம் திறக்கிறீர்கள், பாராட்டு. அந்தப் படிப்பகத்தில் ஒரு அலமாரியை ஒதுக்குங்கள். உங்கள் தெருவில் அடிபட்ட ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு கோப்பு அதில் இருக்கட்டும். வாரியத்துக்கு அவன் தனியே போகலாகாது. முதல் நாள் மாலை அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எதைச் செய்ய முடியவில்லை என்று அவன் வாயால் சொல்லவையுங்கள். சொல்லும்போது அவன் கண் கலங்கும், கலங்கட்டும். திண்ணையில் சொல்லிப் பழகியவன்தான் மேசையின் முன்னால் சொல்வான்.

"சட்டைப் பொத்தான் போட முடிகிறதா?" என்று அவர்கள் கேட்பார்கள். "முடியவில்லை ஐயா, என் மனைவிதான் போட்டுவிட்டாள்" என்று அவன் நிமிர்ந்து சொல்லட்டும். அதில் மானக்கேடு இல்லை. விரல் அவனுடையது. விழுக்காடும் அவனுடையதாக வேண்டும்!