கோழை என்று சிரிக்கப்பட்ட விமானி



கார்ட்டூன் படங்களைப் பற்றி அறிவியல் பத்திரிகையில் என்ன பேச்சு என்று உங்கள் ஆசிரியர் கேட்கக்கூடும். கேட்கட்டும். 'ஸ்டார்ம் ஹாக்ஸ்', அதாவது 'புயல் பருந்துகள்', என்று ஒரு தொடர். கனடாவின் வான்கூவர் நகரிலுள்ள நெர்ட் கார்ப்ஸ் என்ற நிறுவனம் கணிப்பொறியில் வரைந்து தயாரித்தது. 2007 முதல் 2009 வரை 52 பகுதிகள் ஒளிபரப்பாயின. அதோடு நின்றுவிட்டது. இன்று அதன் பெயரைச் சொன்னால் பத்துப் பேரில் ஒருவருக்குத் தெரிந்தால் அதிகம். இந்த மறதி நியாயமானதல்ல என்பது என் கருத்து.

கதை இதுதான். 'அட்மாஸ்' என்ற உலகில் நிலமெல்லாம் மேசை போன்ற உயர்ந்த மலைகள். மலைக்கும் மலைக்கும் இடையே பாதாளம். பறந்துதான் போகவேண்டும். ஏரோ என்ற சிறுவனும் அவன் தோழர்களும் பழைய வீரர் படை ஒன்றின் பெயரைச் சூட்டிக்கொண்டு தீயவர்களை எதிர்க்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு வயது போதாது என்று பெரியவர்கள் அங்கீகாரம் தர மறுக்கிறார்கள்! உங்களுக்குப் புதிதா என்ன?

அவர்கள் ஏறிச் செல்வது மோட்டார் சைக்கிள். வேண்டும்போது அது இறக்கையை விரித்துப் பறக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று என ஈரடுக்கு இறக்கை. "சுத்த அபத்தம்" என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு தாளும் பென்சிலும் எடுங்கள்.

வண்டியும் ஓட்டுபவனும் சேர்ந்து 300 கிலோகிராம் என்று கொள்வோம். எடை ஏறத்தாழ 3,000 நியூட்டன். வேகம் விநாடிக்கு 30 மீட்டர். மணிக்கு 108 கிலோமீட்டர். காற்றின் அடர்த்தி கன மீட்டருக்கு 1.2 கிலோகிராம். அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 540 வரும். நல்ல வளைவுள்ள இறக்கையைச் சற்று நிமிர்த்திப் பிடித்தால் இதில் 1.2 மடங்கு தூக்கு விசை கிடைக்கும். அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 650 நியூட்டன். ஆகவே தேவைப்படும் இறக்கைப் பரப்பு 4.6 சதுர மீட்டர். இதை நான்கு துண்டாக்குங்கள்: ஒவ்வொன்றும் 2 மீட்டர் நீளம், 60 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அகலம். உங்கள் வீட்டுக் கதவைவிடச் சிறியது! மடித்து வைக்கவேண்டிய குட்டை இறக்கைக்கு ஈரடுக்கு முறையே பொருத்தம் என்பதும் புரிகிறதல்லவா? 1930களில் விமானங்கள் அந்த முறையைக் கைவிட்டதற்குக் காரணம் வேறு. இறக்கைகளைப் பிணைத்த கம்பிகளும் தூண்களும் காற்றில் அதிக எதிர்ப்பை உண்டாக்கின. வேகம் கூடக்கூட அது பெரும் பாரமாயிற்று.

அந்த வேகம் எங்கிருந்து வரும்? மலை விளிம்பிலிருந்து பாய்ந்தால் போதும். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், 45 மீட்டர் விழுந்ததும் விநாடிக்கு 30 மீட்டர் வேகம் வந்துவிடும். மேசை மலைகள் நிறைந்த உலகில் இது கஷ்டமே இல்லை. ஆனால் பாதி வேகத்தில் மெதுவாகப் பறக்க நினைத்தால் நான்கு மடங்கு இறக்கை வேண்டும். அப்போது கதவு போதாது, கொட்டகையே வேண்டும்.

எல்லாம் சரியென்று சொல்லவரவில்லை. இறக்கைமேல் நின்று வாட்போர் செய்கிறான் ஏரோ. 108 கிலோமீட்டர் வேகக் காற்று அவனை ஏறக்குறைய 30 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையோடு பின்னால் தள்ளும். அவன் ஒரு பக்கம் நகர்ந்தாலே வண்டி சாயும். இயந்திரத்துக்கும் ஆயுதத்துக்கும் ஆற்றல் தருபவை படிகங்கள். அந்த ஆற்றல் படிகத்துக்குள் எப்படி வந்தது என்ற கேள்வி கதாசிரியர்களைத் தூங்கவிடாமல் செய்ததாகத் தெரியவில்லை. இவையெல்லாம் கற்பனை என்று மன்னித்துவிடலாம்.

நான் மன்னிக்காதது ஒன்று உண்டு. அந்தக் குழுவின் பெரிய கப்பலை ஓட்டும் விமானி ஸ்டார்க். பச்சை நிறத்தவன், எப்போதும் பயந்தவன். எங்கே போனாலும் என்ன கெடும், எப்படிச் சாவோம் என்றே பேசுவான். தொடர் அவனைக் காட்டி நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஏரோ துணிச்சலாகப் பாய்ந்தால் கைதட்டச் சொல்கிறது. உண்மையான விமானத்தில் ஏறும்போது இருவரில் யார் ஓட்டவேண்டுமென்று விரும்புவீர்கள்? எனக்கு ஸ்டார்க்தான்.

1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய நான்கு எஞ்சின் விமானம் எழும்பியவுடன் விழுந்தது. தரையில் நிற்கும்போது வால் பகுதியைக் காற்று ஆட்டாமலிருக்கப் போடும் பூட்டை யாரும் விடுவிக்கவில்லை. இருவர் இறந்தனர். ஓட்டியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர், தேர்ந்த விமானிகள். அதன் பிறகுதான் புறப்படுமுன் ஒவ்வொன்றையும் படித்துச் சரிபார்க்கும் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. அந்தப் பட்டியல் ஸ்டார்க்கின் பயத்தைத் தாளில் எழுதியது போன்றதே.

கனடாவிலேயே இன்னொரு நிகழ்ச்சி. 1983 ஜூலை 23. ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் 69 பேருடன் எட்மன்டன் நோக்கிப் பறந்தது. எரிபொருள் அளவுமானி பழுதாகியிருந்ததால் கையால் கணக்கிட்டார்கள். வேண்டியது 22,300 கிலோகிராம். அந்த நாடு அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. லிட்டரை எடையாக மாற்ற 0.8 என்ற எண்ணால் பெருக்கியிருக்கவேண்டும், 1.77 என்ற பவுண்டு எண்ணால் பெருக்கிவிட்டார்கள். இருந்தது தேவையில் பாதிக்கும் குறைவு. நடுவானில் இரண்டு எஞ்சின்களும் நின்றன. விமானத் தலைவர் பாப் பியர்சன் எஞ்சினில்லாத மிதவை விமானம் ஓட்டிப் பழகியவர். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட ஓடுதளம் ஒன்றில் அந்தப் பெரிய விமானத்தைச் சறுக்கி இறக்கினார். யாரும் இறக்கவில்லை.

கார்ட்டூன் வீரச் செயல் எதற்கும் இது குறைந்ததல்ல. பியர்சனை உலகம் பாராட்டியது, சரிதான். ஆனால் புறப்படுமுன் அந்தக் கணக்குத் தாளை ஸ்டார்க்கின் கையில் கொடுத்திருந்தால்? "1.77 என்றால் என்ன? கிலோவா, பவுண்டா? நிச்சயமாகத் தெரியுமா? நாம் எல்லோரும் சாகப்போகிறோம்!" என்று தொணதொணத்திருப்பான். விமானம் கொஞ்சம் தாமதமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். மற்றவர்கள் வழக்கம்போல அவனைப் பார்த்துச் சிரித்திருப்பார்கள்.