எந்தத் தலைமுறைக்குத் தண்ணி?

சூன் 5 அன்று எங்க பேங்க் வாசலில் மரம் நட்டோம். குழி வெட்டியவர் எங்க காலனி அண்ணன், தினக்கூலி. மேனேஜர் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தினார், போட்டோ எடுத்தாங்க. போட்டோவில் குழி இருக்கிறது, வெட்டியவர் இல்லை.

பேச வந்தவர் 'வளங்குன்றா வளர்ச்சி'யின் வரலாறு சொன்னார். 1972 ஸ்டாக்ஹோம், 1973 சிப்கோ, 1987 புரூண்ட்லாண்ட் அறிக்கை, 1992 ரியோ. நாளைய தலைமுறைக்கு மிச்சம் வைக்கணும் என்று முடித்தார். கவுண்டரில் நோட்டு எண்ணுகிறவன், கவிதையும் எழுதுகிறவன் நான். 'மிச்சம்' என்ற சொல் தைத்தது. ஆண்டை வீட்டு மிச்சத்தில் வளர்ந்தது எங்க ஆயா தலைமுறை.

நாளைய தலைமுறை பற்றிய புரூண்ட்லாண்ட் வாக்கியத்தை எல்லோரும் சொல்றாங்க. அதை ஒட்டியே, தேவை என்றால் முதலில் உலகத்து ஏழைகளின் அடிப்படைத் தேவை, அதற்கே தலையாய முன்னுரிமை என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரியை மட்டும் கரையான் அரிச்சிடுச்சா? இன்னும் பிறக்காத பிள்ளைக்காக உருகுகிறார்கள். குடத்தோடு நிற்கிற பிள்ளை கண்ணில் படவில்லை.

இந்த வரலாற்றில் மகத் ஏன் இல்லை? 1927 மார்ச் 20 அன்று அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஆடு மாடு குடிக்கலாம். நம்ம கை பட்டதும் 108 குடம் சாணி, மூத்திரம், பால், தயிர் என்று கொட்டிச் 'சுத்தம்' செய்தார்கள் சாதி இந்துக்கள். நீர்நிலையை மாசுபடுத்தியது யார்? 1937 வரை வழக்காடித்தான் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் உரிமை கிடைத்தது. மரத்தைக் கட்டிப்பிடித்தால் சூழல் இயக்கம், குளத்தில் கை வைத்தால் சாதிப் பிரச்சினையாம். (சிப்கோ பெண்களைக் குறைத்துச் சொல்லவில்லை. அவர்களும் விறகுக்கும் தண்ணிக்கும் நின்றவர்கள்தான்.)

சோழவரத்துக்கு வாங்க. கொசஸ்தலை ஆற்றுத் தண்ணி தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் திரும்பி எங்க ஏரிக்கு வந்து, புழலுக்குப் போய், பட்டணத்துக் குழாயில் விழுகிறது. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூரில் நிலத்தடி நீரையும் பட்டணத்துக்காக உறிஞ்சினார்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல் உள்ளே வந்து கிணறெல்லாம் உப்பாச்சு. பிறகு 2010-ல் மீஞ்சூர்க் கடலோரம் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது, நாளுக்கு 10 கோடி லிட்டர். அதுவும் சென்னைக்கு. நடுவில், நிலம் வச்சிருந்தவன் கிணத்துத் தண்ணியையே குடிநீர் வாரியத்துக்கு வித்தான். நாத்து நட்ட நம்ம பொம்பளைங்க எதை விக்கிறது?

நட்ட கன்றுக்குத் தினமும் தண்ணி ஊத்துகிறவர் அந்த அண்ணன்தான். "நாலு நாளா கொழா வரல தம்பி, இங்கேர்ந்து ஒரு கொடம் எடுத்துக்கினு போவட்டா?" என்று கேட்டார். கேட்டுச் சொல்றேண்ணே என்றேன். இன்னும் கேட்கவில்லை.