பத்திரம் கைமாறும், அச்சு எங்கே போகும்?

"இராமன் ஆண்டால் என்ன, இராவணன் ஆண்டால் என்ன" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு நடப்பது நம்மவர்க்குப் பழகிப்போன வழக்கம். படகு கட்டும் தொழிலைப் பற்றிப் பேச்செழும்போதும் இதே பல்லவிதான் பாடப்படுகிறது. முதல் வரட்டும், வேலை வரட்டும், உல்லாசப் பயணிகள் வரட்டும். கம்பெனி யாருடையதாயிருந்தால் நமக்கென்ன என்கிறார்கள். பாசிக்குடாவில் விடுதிகள் எழுந்த காலத்தில் கேட்ட அதே குரல், மட்டக்களப்பு வாவியில் உல்லாசப் படகுத் தொழிலை வளர்க்கவேண்டும் என்னும் பேச்சிலும் இன்று கேட்கிறது.

யாருடையது என்பதுதான் முதற் கேள்வி என்கிறோம் நாம். வேறெந்தத் தொழிலுக்கு அது எப்படியோ, படகுத் தொழிலுக்கு அப்படித்தான்.

மரத்தோணி வாங்கச் சென்றவன் பலகையைத் தட்டிப் பார்ப்பான். பொருத்துகளை விரலால் தடவிப் பார்ப்பான். கலப்பற்றுப் பூச்சைச் சுரண்டிப் பார்ப்பான். இன்று வாவியிலும் கடலிலும் ஓடுவன பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகள். அவற்றின் பிறப்பே வேறு. முதலில் மரத்தால் ஒரு மூலவடிவம் செய்கிறார்கள். அதன்மேல் அச்சு எடுக்கிறார்கள். அச்சினுள்ளே மெழுகு தடவி, நிறப்பூச்சிட்டு, கண்ணாடியிழைப் பாயை விரித்து, பிசின் பூசி, உருளையால் காற்றுக் குமிழ்களை நசுக்கி வெளியேற்றி, அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றுகிறார்கள். பிசினை இறுகச் செய்யும் மருந்தின் அளவை அன்றைய வெயிலையும் காற்றின் ஈரத்தையும் பார்த்துக் கூட்டவும் குறைக்கவும் வேண்டும். பல ஆண்டு பழகிய கைக்குத்தான் அது படியும். ஐந்தடுக்கு வேண்டிய இடத்தில் மூன்றடுக்கை வைத்து மேலே பளபளவென்று வண்ணம் பூசிவிட்டால், வாங்குபவன் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. இரண்டு மூன்று வாடைக்காலம் கழிந்த பின், கரை தெரியாத தூரத்தில், அலைதான் அந்தக் கணக்கைப் பார்க்கும்.

ஆகவே கண்ணாடியிழைப் படகை வாங்குபவன் காசு கொடுத்து வாங்குவது கட்டியவனுடைய நாணயத்தை. முதலாளி மாறும்போது அந்த நாணயத்துக்கு யார் பிணை? கடன்பட்டுக் கம்பெனியை வாங்கியவன் அக்கடனை எதிலிருந்து அடைப்பான்? பிசினிலும், பாயிலும், உருளை பிடிப்பவனின் கூலியிலும் பிடித்தமிட்டுத்தானே!

2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வந்து எம் கரையோரத்தைத் துடைத்துப் போன பிறகு கண்டோமே! உதவிப் பணம் வெள்ளமாய் வந்தது. படகு வேண்டும், உடனே வேண்டும் என்றார்கள். படகு கட்டி அறியாதவர்களும் அச்சைத் தூக்கிக்கொண்டு தொழிலில் இறங்கினார்கள். அவ்வாறு வழங்கப்பட்ட படகுகளில் பல தரக்குறைவானவை என்று ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனத்து நிபுணர்களே எச்சரிக்க வேண்டி வந்தது. கொடுத்தவர்கள் புகைப்படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். வெடித்த அடிப்பாகத்தைக் காட்டி எவன் வாசலில் நின்று முறையிடுவது?

தமிழரிடம் படகுத் தளம் இல்லாமலா போயிற்று? இருந்தது. 1956இல் நோர்வே சென்ற யாழ்ப்பாணத்தவர் அந்தோனி இராஜேந்திரம், அங்கே மீன்பிடித் தொழிலைக் கற்றுணர்ந்து, 1960களின் பிற்பகுதியில் அந்நாட்டு மதுவிலக்கு இயக்க இளைஞர்களின் துணையோடு தாயகத்தில் ஒரு திட்டத்தைத் தொடங்கினார். (கள்ளுக்குப் பேர்போன பனைநாட்டிலே மதுவிலக்குக்காரர் வந்து படகு கட்டிய விநோதத்தை நம் மீனவர் எப்படி இரசித்தார்களோ!) சீநோர் என்று பெயர் பெற்ற அந்த முயற்சியால் காரைநகரில் படகுத் தளமும் குருநகரில் வலைத் தொழிற்சாலையும் எழுந்தன. கடலை அறிந்தவனும் படகைக் கட்டுபவனும் ஒரே ஊரார். குறை இருந்தால் மறுநாட் காலையே கட்டியவன் காதில் விழும்.

பிறகு உடைமை மாறியது. அறநிலையமாகத் தொடங்கியது அரசின் கைக்குப் போயிற்று. போர் வந்தது, காரைநகர்த் தளம் ஓய்ந்தது. இன்று சீநோர் கடற்றொழில் அமைச்சின் கீழுள்ள அரச கம்பெனி. அது படகு கட்டுவது கொழும்பு மட்டக்குளியில். குருநகர் வலைத் தொழிற்சாலை வேறோர் அரச கம்பெனியின் கணக்கில் நிற்கிறது. போர் அழித்தது என்று சொல்லிக் கதையை முடித்துவிடுவார்கள். போர் கட்டடத்தை அழித்தது, உண்மை. பெயரும் கட்டளைகளும் தெற்கே பிழைத்திருக்க, பிறந்த இடம் மாத்திரம் 2009க்குப் பின்னரும் ஆண்டுக்கணக்காக வாக்குறுதிகளை உண்டு காலந்தள்ள நேர்ந்ததே, அதுவும் போரின் செயலா? உடைமைப் பத்திரம் எங்கே இருக்கிறதோ, அங்கேதான் தொழிலும் போய்ச் சேரும்.

அரசுடைமையே போதும் என்று நாம் வாதாடவில்லை. அந்த மயக்கம் மட்டக்களப்பானுக்கு வாழைச்சேனைக் காகித ஆலையைக் கண்ட அன்றே தெளிந்துவிட்டது. அரசன் கொழும்பிலிருந்தால் அரச உடைமையும் கொழும்பிலேதான் இருக்கும்.

நோர்வேயிலே பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இன்னொருவர் கதையும் இருக்கிறது. ஓலே எவின்ரூட் என்பார் 1909இல் படகின் பின்புறத்தில் மாட்டும் இயந்திரத்தைத் தொழிலாக்கினார். அவர் பெயர் பூண்ட எவின்ரூட்டும் அதன் உடன்பிறப்பான ஜோன்சனும் உலகத்துத் துறைமுகங்களிலெல்லாம் அறியப்பட்டவை. அவற்றைச் செய்த அவுட்போர்ட் மரீன் கோப்பரேஷன் உல்லாசப் படகுக் கம்பெனிகள் பலவற்றையும் தன் குடைக்கீழ் வைத்திருந்தது. 1997இல் ஜோர்ஜ் சோரோஸின் பணமும் சேர்ந்த ஒரு முதலீட்டுக் கூட்டம் அதை வாங்கியது. படகில் ஏறத் தெரிந்தவர்களா அவர்கள்? பங்கில் ஏறத் தெரிந்தவர்கள். மூன்றே ஆண்டுகளில், 2000 டிசம்பரில், கம்பெனி வங்குரோத்து மன்றில் நின்றது. கிறிஸ்மஸ் நெருங்கும் வேளையில் ஆயிரக்கணக்கானோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர். இயந்திரப் பகுதியைக் கனடாவின் பொம்பார்டியரும், படகுப் பகுதியை ஜென்மார் கம்பெனியும் பங்கிட்டுக்கொண்டன. ஜென்மார் 2009இல் தானே வங்குரோத்தானது. பொம்பார்டியரிலிருந்து பிரிந்த கம்பெனி 2020இல் எவின்ரூட் இயந்திரம் செய்வதையே நிறுத்திற்று. நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்த பெயர், கை மாறி மாறியே கரைந்தது.

அது அமெரிக்கா என்பீர்கள். கொழும்புத் துறைமுகத்தைப் பாருங்கள். கொழும்பு டொக்யார்ட் கம்பெனியின் பெரும்பங்கு 1993 முதல் ஜப்பானிய ஒனொமிச்சி கம்பெனியின் கையிலிருந்தது. நெருக்கடி முற்றியதும் 2024இல் அது விலகிக்கொள்ள முனைந்தது. 2025 ஜூனில் மும்பாயின் மசகான் கப்பற்கட்டுந் தளம் அந்த இடத்துக்கு வருவதாக அறிவித்தது. அந்தத் தளத்தின் பங்குகளில் ஒரு பகுதி ஊழியர் சேமலாப நிதிக்குரியது. மட்டக்களப்பிலே சம்பளத்திலிருந்து மாதாமாதம் வெட்டப்படும் காசும் அந்த நிதியில்தான் கலந்து கிடக்கிறது. அதன் சொந்தக்காரன், உன் பங்கு யாரோடு கூட்டுச் சேரட்டும் என்று ஒரு வார்த்தை கேட்கப்பட்டானா?

சட்டம் காக்குமே என்பார்க்கும் விடை உண்டு. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளியின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி அவனை வேலையிலிருந்து நீக்கலாகாது என்கிறது, நல்லது. ஆனால் பதினைந்து பேருக்குக் குறைந்த இடத்தை அது தொடுவதில்லை. பன்னிரண்டு பேர் உருளை பிடிக்கும் வாவிக்கரைக் கொட்டிலில் அதற்கு வேலையில்லை. பெரிய தளமாயிருந்தாலும் சூது வேறிடத்தில் இருக்கிறது. பங்குகள் மாத்திரம் விற்கப்பட்டால் கம்பெனி அதே கம்பெனி. தொழிலாளியின் சேவைக்காலம் தொடரும். அச்சையும் பெயரையும் இயந்திரத்தையும் தனியே பிரித்து விற்றாலோ, வாங்கியவன் புதியவன். தொழிலாளி பழைய கம்பெனியின் வெற்றுக் கோதோடு விடப்படுவான். படகின் உத்தரவாதச் சீட்டும் அந்தக் கோதின் பேரிலேதான் இருக்கும்.

அரச காணிக் குத்தகையில் இதே சூது தலைகீழாய் நடக்கிறது. அனுமதியின்றிக் காணியைக் கைமாற்றக் கூடாது என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதுவார்கள். குத்தகைக்காரக் கம்பெனியின் பங்குகளையே முழுதாக வேறொருவனுக்கு விற்றுவிட்டால் காணி கைமாறவில்லையாம்! பெயர்ப்பலகை அப்படியே தொங்கும். உள்ளே இருப்பவன் வேறு. பாலமீன்மடுவில் வலை வீசுபவன் தன் தோணியைக் கட்டிவந்த கரை எவன் வசம் போயிற்று என்பதை வேலி விழுந்த பிறகுதான் அறிவான்.

நாம் முதலுக்குப் பகைவரல்லர். வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் இடையே தோணியும் பாதையும் ஓடி வளர்ந்த நாடு இது. இங்கே படகுத் தளம் எழுமானால் முதல் தேங்காயை நாமே உடைப்போம். ஆயின் தளத்துக்குக் காணி கொடுக்கும் நாளிலேயே சில நிபந்தனைகள் பத்திரத்தில் ஏறவேண்டும். பங்கு பெருமளவு கைமாறினால் அது காணி கைமாறியதாகவே கொள்ளப்படும் என்று எழுதுங்கள். அச்சுகளை மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும் என்று எழுதுங்கள். சொத்தை வாங்குபவன் தொழிலாளியின் சேவைக்காலத்தையும் விற்ற படகுகளின் உத்தரவாதத்தையும் சேர்த்தே ஏற்கவேண்டும் என்று எழுதுங்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு ஒரு பங்கும், பணிப்பாளர் சபையில் ஓர் ஆசனமும் ஒதுக்குங்கள். இவற்றைக் கேட்டு ஓடிவிடும் முதலாளி, பின்னொரு நாள் எப்படியும் ஓடத்தான் வந்தவன்.

மட்டக்களப்பிலிருந்து பாராளுமன்றம் சென்றிருப்போருக்கு ஒரு வேலை தருகிறோம். கடற்றொழில் அமைச்சரை எழுத்து மூலம் கேளுங்கள்: காரைநகரில் இருந்த படகு அச்சுகள் இன்று எங்கே, யாருடைய இருப்புப் புத்தகத்தில் உள்ளன? அடுத்ததாகக் காணி அமைச்சரைக் கேளுங்கள்: பாசிக்குடா முதல் வாவிக்கரை வரை குத்தகை பெற்ற கம்பெனிகளில், குத்தகை எழுதிய நாளுக்குப் பின் பங்குடைமை மாறியவை எவை? இரண்டு விடைகளும் ஹன்சாட்டில் வரட்டும். வந்த வாரமே இப்பத்திரிகையில் எழுத்துக்கு எழுத்து அச்சிடுகிறோம்.