ஏரி மட்டியும் நம் மராமத்தும்

சின்னசேலம் வட்டாரத்து ஏரிகளில் கோடையில் வண்டல் எடுப்பது பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களின் நியாயமான உரிமையாகும். 2017-ஆம் ஆண்டில் அரசு அதனை விலையின்றி எடுக்க இடமளித்தது. 2024-இல் வட்டாட்சியரிடமே அனுமதி பெறலாம் என்று நடைமுறையும் எளிதாக்கப்பட்டது. ஆயினும் அவ்வண்டலோடு வயலுக்குப் போய், வெயிலில் வாய் பிளந்து மடியும் மட்டிகளைப் பற்றி நாம் சிறிதேனும் எண்ணியதுண்டா?

மட்டியை நாம் சுண்ணாம்புக்கு உரிய ஓடாகவே அறிவோம். உயிரோடிருக்கையில் அது செய்யும் வேலையோ பெரிது. சேற்றில் பாதி புதைந்தபடி நீரை உள்ளிழுத்து, பாசித் துகள்களையும் கிருமிகளையும் செவுள்களால் வடிகட்டி உண்டு, தெளிந்த நீரை வெளிவிடுகிறது. கூலி கேளாத தோட்டி அது. அதன் குஞ்சுகளின் கதை இன்னும் விந்தையானது. தாய் வெளியிடும் நுண்ணிய குஞ்சுகள் மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிக்கொண்டு, சில காலம் அங்கே வளர்ந்த பின்னரே உதிர்ந்து சேற்றில் குடியேறும். ஆகையால் மீன் அற்ற ஏரியில் மட்டியின் வமிசமும் அற்றுப்போகும்.

நீர் வற்றுங்கால் அது சேற்றினுள் இறங்கி, ஓட்டை இறுக மூடிக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். நாம் இயந்திரத்தை இறக்குவதும் அதே நாட்களில்தான்! ஏரி முழுவதையும் ஒரே கோடையில் சுரண்டிவிட்டால், மறுமழையில் பெருகுவதற்கு வித்து மட்டியே மிஞ்சாது.

நெசவாள அங்கத்தினர்களுக்கும் இதில் பங்குண்டு. நொய்யலாற்றின் குறுக்கே 1992-இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக் கழிவின் தேக்கமாக மாறிற்று. 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடுமாறு உத்தரவிடும் அளவுக்குக் கேடு முற்றியது. நம் சாயத் தொட்டிகள் சிறியவையே. எனினும் அந்நீரை ஏரிக்கால்வாயில் விடுவது தகாது. நீரை வடிகட்டி உண்ணும் பிராணி அதிலுள்ள நஞ்சையும் தன் உடலிலேயே சேர்த்துக்கொள்ளும்.

முத்து வளர்ப்பில் இறங்க விரும்புவோருக்கும் ஒரு சொல். புவனேசுவரத்திலுள்ள மத்திய நன்னீர் மீன்வள நிறுவனம் நம் நாட்டு மட்டியிலேயே முத்து விளைவிக்கும் முறையைக் கற்பிக்கிறது, நல்ல தொழில்தான். ஆனால் பொது ஏரியைத் துழாவி மட்டிகளைக் கூடை கூடையாக அள்ளித் தொடங்குவது முதலையே தின்பதாகும்.

வரும் மராமத்தில் ஏரியின் மூன்றில் ஒரு பகுதியையேனும் மறு ஆண்டுக்கு விட்டுவைக்கவும், வண்டலில் உயிரோடு அகப்படும் மட்டிகளை எஞ்சிய குட்டையில் அன்றைக்கே சேர்க்கவும் நம் சங்கங்கள் ஊராட்சியிடம் கேட்கவேண்டும். இதனால் சில வண்டி மண் குறையக்கூடும். அதனை அடுத்த கோடையில் எடுத்துக்கொள்ளலாம்.